புள்ளி தெரிகிறதா, கொம்பு தெரிகிறதா?

‘பல்’ என்ற சொல்லில் புள்ளி மங்கினால் அது ‘பல’ ஆகிவிடும். ‘மண்’, ‘மண’ ஆகும். ‘நில்’, ‘நில’ ஆகும். பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ‘அவன பல தேயததான’ என்று ஒரு புள்ளிகூட இல்லாமல் அச்சடித்துக் கொடுத்தாலும், ஒரு நொடி புருவத்தைச் சுருக்கிவிட்டு, ‘அவன் பல் தேய்த்தான்’ என்று படித்துவிடுவார்கள். கண் பாதியைப் பார்க்கும், மீதியைப் பழக்கம் நிரப்பிக்கொள்ளும். முதல் வகுப்புக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது படிக்கும். ‘ப... ல... பல’ என்று எழுத்துக் கூட்டிவிட்டு, அடுத்த சொல்லோடு பொருந்தாமல் விழிக்கும். பக்கத்தில் இருக்கும் அப்பா, “ஒழுங்கா பாத்துப் படி” என்பார். குழந்தை ஒழுங்காகத்தான் பார்த்தது. செல்போன் திரையில் அந்தப் புள்ளிதான் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

ஓலைச்சுவடி எழுதியவர்களும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் ஓலையில் தெளிவாக இருக்காது. ‘கெ’வுக்கு ஒற்றைக்கொம்பு, ‘கே’வுக்கு இரட்டைக்கொம்பு என்று பிரித்துக் காட்டும் இன்றைய வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். அந்த ஓலைகளைப் படித்தவர்கள் இலக்கணமும் யாப்பும் கரைத்துக் குடித்த புலவர்கள். சீரும் தளையும் பார்த்தே எந்த எழுத்தென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் அந்த வேலையைக் கொடுப்பது நியாயமில்லை. ஆனால் கையில் கிடைத்த எழுத்துருவைப் போட்டு, அழகுக்காகக் கொஞ்சம் சிறிதாக்கி, பின்னால் ஒரு படத்தையும் வைத்தால் நடப்பது அதுதான்.

குழந்தைகளுக்கான எழுத்துரு பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. அங்கே உள்ள சிக்கல் வேறு. ஆங்கிலத்தின் சின்ன ‘ஏ’ அச்சில் ஒரு மாதிரி இருக்கும், கையால் எழுதும்போது வேறு மாதிரி இருக்கும். சின்ன ‘ஜி’யும் அப்படித்தான். ‘பி’யும் ‘டி’யும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றின் மறுபக்கம் இன்னொன்று. பள்ளியில் எழுதக் கற்ற உருவமும் புத்தகத்தில் பார்க்கும் உருவமும் ஒத்துப்போகவேண்டும் என்று அங்கே பலர் மெனக்கெட்டிருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த கையெழுத்து நிபுணர் ரோஸ்மேரி சாசூன் 1980களில் குழந்தைகளிடமே எந்த உருவம் படிக்கப் பிடிக்கிறது என்று கேட்டு, ஏட்ரியன் வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து ‘சாசூன் பிரைமரி’ எழுத்துருவை உருவாக்கினார். எழுத்துகள் லேசாகச் சாய்ந்திருக்கும். அடியில் ஒரு சின்ன வால் நீண்டு அடுத்த எழுத்தை நோக்கிப் போகும்.

‘காமிக் சான்ஸ்’ கதை இதைவிடச் சுவாரசியம். 1994இல் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கானேர், ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசுவதைப் பார்த்தார். நாயின் பேச்சு, செய்தித்தாளுக்கென்று பிறந்த டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் இருந்தது. நாய் இப்படிப் பேசுமா என்று நினைத்து, காமிக்ஸ் புத்தக எழுத்தின் சாயலில் அவர் வரைந்த எழுத்துரு அது. வடிவமைப்பாளர்கள் அதைக் கேலி செய்தே ஓய்ந்தார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் மட்டும் விடவில்லை. அதன் சின்ன ‘ஏ’ கையால் எழுதியதுபோல இருந்தது, அவர்களுக்கு அது போதும்.

சரி, இப்படிப்பட்ட எழுத்துருவில் குழந்தைகள் உண்மையிலேயே நன்றாகப் படிக்கிறார்களா? ரெடிங் பல்கலைக்கழகத்தின் சூ வாக்கரும் லிண்டா ரெனால்ட்ஸும் சிறு குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். எழுத்தின் நுனியில் கொக்கி உள்ள வகை, இல்லாத வகை, குழந்தைகளுக்கென்று மாற்றிய ‘ஏ’, ‘ஜி’ என்று பலவற்றையும் கொடுத்ததில் வாசிப்பில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு விதமான ‘ஏ’யையும் குழந்தைகள் சமாளித்துக்கொண்டார்கள்.

ஆக, ஆங்கிலத்தின் ஆறுதல்களும் கவலைகளும் நமக்கு அப்படியே பொருந்தாது. தமிழில் தடுக்கும் இடங்கள் தனி. எழுத்தின் உடம்பு பெரியது. பொருளை மாற்றும் குறி சிறியது. ‘மெல்’லுக்கும் ‘மேல்’லுக்கும் இடையே இருப்பது கொம்பின் உச்சியில் ஒரு சுழி. ‘மின்’ ‘மீன்’ ஆவதும் மேலே உள்ள வளைவு சுருண்டு முடிவதால்தான். ‘முடி’யும் ‘மூடி’யும் அப்படியே. ‘கொடு’, ‘கோடு’ என்று இன்னும் அடுக்கலாம். ஒரு எழுத்துரு இந்தச் சுழிகளைத் திறந்து, உள்ளே வெள்ளை தெரியும்படி வரைந்திருக்கிறதா, அல்லது சின்னக் கறுப்புப் பொட்டாக அடைத்துவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். தடித்த எழுத்தில் இது இன்னும் மோசமாகும். ‘குழந்தைகளுக்குத்தானே, நல்லா குண்டு குண்டா இருக்கட்டும்’ என்று பத்தி முழுவதையும் கொழுத்த எழுத்தில் போடுவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல். ‘பலூ தம்பி’ மாதிரியான உருண்டை எழுத்துருக்கள் தலைப்புக்கென்று பிறந்தவை. அட்டையில் அவை அழகு. பத்து வரிக் கதைக்கு அவற்றை இழுத்து வருவது அவற்றை வரைந்தவர்கள் குற்றமில்லை.

அடுத்து ‘ர’வும் துணைக்காலும். ‘பாரதியார்’ என்ற பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு துணைக்கால், ஒரு ‘ர’, ஒரு ‘ர்’. ‘ர’வுக்குக் கீழே இறங்கும் சாய்கோடு இருக்கிறது, காலுக்கு இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. சில எழுத்துருக்களில் ‘ர்’ என்று வரும்போது அந்தச் சாய்கோடும் போய்விடும். கால்மேல் புள்ளி வைத்ததுபோல ஆகிவிடும். பழைய அச்சில் இது சாதாரணம், பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. படிக்கத் தொடங்கும் குழந்தைக்கோ பக்கத்துப் பக்கத்தில் ஒரே உருவம் இரண்டு வேலை செய்கிறது. ‘ர’, ‘ர்’, ‘ரி’ மூன்றிலும் சாய்கோடு தெளிவாக இறங்கும் எழுத்துருவே அதற்கு ஏற்றது. ‘ரு’வையும் ‘று’வையும் அடுத்தடுத்து தட்டச்சு செய்து பார்ப்பதும் நல்ல சோதனை. ‘ஔ’வின் வலப்பக்கம் ‘ள’ போலவே பெரிதாக நின்றால் குழந்தை அதை ‘ஒள’ என்றுதான் படிக்கும்.

தமிழ் எழுத்தின் உருவத்தைக் கற்பவருக்காக எளிதாக்கும் முயற்சி புதிதில்லை. பெரியார் 1930களிலேயே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதில் ஒரு பகுதியை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று தொடங்கி 13 எழுத்துகள் மாறின. ‘லை’, ‘னை’ முதலியவற்றின் தும்பிக்கை போனது. உகர, ஊகார வரிசைகள் தொடப்படவில்லை. அதனால்தான் ‘கு’, ‘சு’, ‘து’ ஒவ்வொன்றையும் இன்றைக்கும் தனித்தனி உருவமாக மனத்தில் பதியவைக்க வேண்டியிருக்கிறது. திரையில் அந்த வரிசை இன்னும் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

கையில் இருப்பவற்றில் எது நல்லது? விண்டோஸில் ஒரு காலத்தில் ‘லதா’தான் எல்லாம், பிறகு ‘நிர்மலா’ வந்தது. ஆப்பிள் கருவிகளில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘இணைமதி’ இருக்கிறது. ஆண்ட்ராய்டு உலகத்தில் கூகுளின் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’. இலவசமாகக் கிடைப்பவற்றில் ‘முக்த மலர்’, ‘ஹிந்த் மதுரை’, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரன்’ ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. இவற்றில் ஒன்றுக்குப் பரிசு கொடுக்கும் வேலை இங்கே தேவையில்லை. கோடு முழுக்க ஏறக்குறைய ஒரே பருமனில் ஓடும் சாதாரண எழுத்துரு, நடுத்தரத் தடிப்பு, திறந்த சுழி, பெரிய புள்ளி, அந்தப் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று. இவ்வளவும் இருந்தால் பெயர் எதுவானாலும் சரி. தடித்தும் மெலிந்தும் ஓடும் பழைய அச்சுப் பாணி தாளில் அழகாக இருக்கும். மலிவு போனில் அதன் மெல்லிய கோடுகள்தான் முதலில் காணாமல் போகும்.

உருவத்தைவிட அதிகம் உதவுவது இடைவெளி. ஒரு எழுத்தைத் தனியாகக் காட்டினால் குழந்தைக்கு அடையாளம் தெரியும். இரண்டு பக்கமும் எழுத்துகளை நெருக்கி வைத்தால் அதே எழுத்து தெரியாமல் போகும். பார்வை ஆய்வாளர்கள் இதை நெரிசல் என்கிறார்கள். மார்கோ சோர்ஸியும் அவருடைய குழுவினரும் இத்தாலி, பிரான்ஸ் நாடுகளைச் சேர்ந்த, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள 74 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 14 பாயின்ட் அளவு எழுத்தில், எழுத்துக்கு எழுத்து 2.5 பாயின்ட் இடைவெளி கூட்டினார்கள். வேறு எந்தப் பயிற்சியும் கிடையாது. வாசிப்பின் துல்லியம் இரட்டிப்பானது, வேகம் 20 சதவீதம் கூடியது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே தனி எழுத்துருக்களும் வந்தன. டிஸ்லெக்சியா உள்ள டச்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் பூர் 2008இல் ‘டிஸ்லெக்ஸி’யை உருவாக்கினார். எழுத்தின் அடிப்பகுதியைக் கனமாக்கினால் அது தலைகீழாகப் புரண்டதுபோலத் தோன்றாது என்பது அவர் எண்ணம். அதையும் வழக்கமான ஏரியல் எழுத்துருவையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில் டிஸ்லெக்ஸிக்கே கொஞ்சம் வேகம் கூடுதல். ஆனால் ஏரியலுக்கும் அதே அளவு எழுத்து இடைவெளியும் சொல் இடைவெளியும் கொடுத்தபோது அந்த முன்னிலை மறைந்துவிட்டது. கனமான அடிப்பகுதி ஒன்றும் செய்யவில்லை, காலி இடம்தான் வேலை செய்திருக்கிறது.

தமிழில் இடைவெளி கூட்டும்போது ஒரு எச்சரிக்கை தேவை. கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகிப் போய்விடக் கூடாது. ‘கொ’ என்பது ஒரே எழுத்து. கொம்பு, ‘க’, கால் மூன்றும் தனித்தனியாக நின்றால் குழந்தை அதை மூன்றாகவே எண்ணும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் சொல் இடைவெளியையும் சேர்த்தே கூட்டவேண்டும். இல்லையென்றால் எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதே தெரியாது. வரிகளுக்கு இடையே இன்னும் தாராளமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்து நடுவிலேயே நின்றுவிடும். தமிழில் மேலே வளைவு ஏறும், கீழே வால் இறங்கும். மேல் வரியில் ‘பூனை’ வந்து, அதற்கு நேர் கீழே ‘கீரி’ வந்தால் ஒன்றின் வாலும் இன்னொன்றின் சுழியும் முட்டிக்கொள்ளும். இணையதளங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான உலக வழிகாட்டி நெறி, எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளியைச் சொல்கிறது. தமிழ்க் குழந்தைக்கு அதற்கும் கொஞ்சம் கூடவே வைப்பது நல்லது.

இனி திரை. ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லை எண்ணினால் 14 எழுத்து. குழந்தைக்குத் தோதான பெரிய அளவில் வைத்தால் பல போன்களில் அந்த ஒரு சொல்லே வரியை நிறைத்துவிடும். இருபக்கமும் சமமாக நிற்கவேண்டும் என்று கட்டளையிட்டால் கணினி சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடம் விடும். ஒரு வரியில் இரண்டே சொல், அடுத்த வரியில் நான்கு சொல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்து வலப்பக்கம் ஏறி இறங்கினால் போதும். அதைவிடக் கொடுமை, சொல்லைக் கண்ட இடத்தில் ஒடிப்பது. வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வரக்கூடாது என்பது அச்சுக் கோத்தவர்களின் பழைய ஒழுங்கு. திரையில் அது காற்றில் பறக்கிறது. ‘ர்கள்’ என்று தொடங்கும் வரியைப் பார்க்கும் குழந்தை எப்படி வாயைத் திறக்கும்? இதற்கு வடிவமைப்பாளரைவிடக் கதை எழுதுபவரே எளிதாகத் தீர்வு சொல்லலாம். ‘படித்தார்கள்’ என்று எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

வரியை எங்கே மடிப்பது என்பதும் வாசிப்பின் ஒரு பகுதி. ‘குட்டி யானை’ ஒரு வரி, ‘ஆற்றில் இறங்கி’ ஒரு வரி, ‘தண்ணீர் குடித்தது’ ஒரு வரி. மூச்சு எங்கே நிற்குமோ அங்கே வரியும் நிற்கிறது. இடம் இருக்கிறதே என்று ‘குட்டி யானை ஆற்றில் இறங்கி தண்ணீர்’ வரை ஒரே வரியில் அடைத்து, ‘குடித்தது’ மட்டும் அடுத்த வரியில் தனியாகத் தொங்கினால், குழந்தை தண்ணீரோடு வாக்கியத்தை முடித்துவிடும். அச்சுப் படப்புத்தகங்களில் நல்ல ஆசிரியர்கள் இதை யோசித்தே மடிக்கிறார்கள். திரையிலோ போனைத் திருப்பினால் எல்லாம் கலைந்துவிடுகிறது.

எழுத்துக்குப் பின்னால் படம் வேண்டாம். வெளிர் நீல வானத்தில் வெள்ளை எழுத்து கணினியில் வடிவமைப்பவருக்கு அழகாகத் தெரியும், வாசலில் வெயிலில் உட்கார்ந்து போனைப் பார்க்கும் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது. மேலே சொன்ன வழிகாட்டி நெறி, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்கிறது. தொட்டால் ஆடும் பூ, தட்டினால் குரைக்கும் நாய் போன்ற வேடிக்கைகளைப் பற்றியும் ஆய்வு உண்டு. மின்கதைப் புத்தகங்கள் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். கதையோடு ஒத்துப்போகும் ஒலியும் அசைவும் குழந்தைக்கு உதவுகின்றன; நடுவில் வரும் விளையாட்டுகளும் தொட்டு ஆடும் வேடிக்கைகளும் கதையைப் புரிந்துகொள்வதைக் குறைக்கின்றன.

கேட்கும் சொல்லைத் திரையில் நிறம் மாற்றிக் காட்டுவது மட்டும் நிச்சயம் வைத்துக்கொள்ள வேண்டிய வசதி. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னோடி இருக்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரி, சினிமாப் பாட்டு ஓடும்போது அதன் வரிகளை அதே மொழியில் கீழே போட்டு, பாடகர் பாடப் பாட ஒவ்வொரு சொல்லாக நிறம் மாற்றினால் என்ன என்று 1996இல் யோசித்தார். 1999இல் குஜராத்தித் தொலைக்காட்சியில் அது நிகழ்ச்சியானது. பிறகு தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ வரை போனது. பாட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. கண் அதன் பின்னாலேயே ஓடுகிறது. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தினமும் கிடைக்கும் சந்தடியில்லாத பயிற்சி அது.

இதே உத்தியைத் தமிழ் ஆப்களில் செய்யும்போது ஒரு கூத்து நடப்பதுண்டு. சொல் சொல்லாக நிறம் மாற்றாமல், தட்டச்சு இயந்திரம் அடிப்பதுபோல எழுத்து எழுத்தாகத் தோன்றவைப்பார்கள். கணினிக்கு நம் 247 எழுத்துகளில் உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் ஒன்று ஆக 31 மட்டுமே ஒற்றைக் குறியீடு. மற்ற 216உம் குறைந்தது இரண்டு குறியீடுகளின் கூட்டு. நிரல் எழுதியவர் ஆங்கிலப் பழக்கத்தில் குறியீடு குறியீடாகக் காட்டினால் ‘வீடு’ திரையில் எப்படிப் பிறக்கும்? முதலில் ‘வ’. அது ‘வீ’ ஆகும். பிறகு ‘வீட’. கடைசியில் ‘வீடு’. ‘பல்’ வரும்போது ‘பல’ என்று முழுதாக எழுதிக் காட்டிவிட்டு, பிறகு புள்ளி குதிக்கும். குழந்தை ‘பல’ என்று சத்தமாகப் படித்து முடித்திருக்கும். உயிர்க்குறிக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கப்போனால் இன்னும் வேடிக்கை: எழுத்து உடைந்து, கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைக்கும். எந்தப் பாடநூலிலும் இல்லாத 248ஆவது எழுத்து. முழு எழுத்து எது என்று பிரித்துச் சொல்லும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கிறது. நிரலாளர் அதைக் கேட்டு வாங்கினால் போதும்.

எழுத்தின் அளவைப் பெரியவர்கள் சீக்கிரமே குறைத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் பாடப் புத்தகங்களைச் சோதித்த ஆர்னால்டு வில்கின்ஸ் குழு, வயது ஏற ஏற எழுத்து வேகமாகச் சிறுத்துக்கொண்டே போவதையும், அந்தச் சிறிய அளவில் சின்னக் குழந்தைகளின் வாசிப்பு வேகம் குறைவதையும் 2000இல் எழுதினார்கள். ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டான், இனிச் சின்ன எழுத்தைப் படிக்கட்டும் என்ற அவசரம் எல்லா ஊரிலும் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. போனின் அமைப்புகளில் திரை என்ற பகுதிக்குப் போனால் எழுத்தளவைக் கூட்டலாம். பல ஆப்கள் அதற்குக் கட்டுப்படும். ‘பிரதம் புக்ஸ்’ 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்துக் கிடைக்கின்றன. பெரிய எழுத்தும் குறைந்த வரிகளும் உள்ள முதல் நிலையிலிருந்தே தொடங்கலாம். பி.டி.எஃப். கோப்புகள்தான் அடங்காதவை. அச்சுக்கென்று அமைத்த பக்கம் போனில் அப்படியே சுருங்கி நிற்கும். விரலால் விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி இடதும் வலதும் இழுத்துக்கொண்டே ஒரு ஆறு வயதுக் குழந்தை கதை படிக்கமுடியாது. போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் ஓரளவு சமாளிக்கலாம். அப்போதும் எழுத்து போதவில்லை என்றால், கோப்பை ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு வாங்கிவிடுவது உத்தமம்.